பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு

என் மகள் வாலிபால் ஆட ஆரம்பித்து ஐந்து வருஷமாகிறது. சர்வீஸ் நெட்டைத் தாண்ட ஒரு வருஷம், நெட்டுக்கு மேலே கை போக இரண்டு வருஷம். அது அவள் பட்ட பாடு. பெற்றவர்களாக நாங்கள் பட்ட பாடு கடைசி எட்டு வாரத்தில் மொத்தமாக வந்தது. வெளிநாட்டில் நடக்கும் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டிக்காக இந்திய முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த எட்டு வாரத்தில் வீட்டில் யாரும் பந்தைப் பற்றிப் பேசவில்லை. தாள், தாள், தாள்தான்.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பில் போடுகிறேன். எங்கள் பக்கம் விளையாட்டு என்றால் முதலில் குத்துச்சண்டை, அப்புறம் வியாசர்பாடி கால்பந்து, கேரம். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். வாலிபால் அந்த வரிசையில் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். இவள் கற்றது மண் தரையில். சாயந்திரம் கடற்காற்று கிளம்பிவிட்டால் தூக்கிப் போட்ட பந்து எங்கே இறங்கும் என்று போட்டவளுக்கே தெரியாது. நெட் கட்டும் கம்பத்தில் கோச் சார் இரண்டு சிவப்புக் கோடு போட்டிருப்பார்: கீழே 2.24 மீட்டர் பெண்களுக்கு, மேலே 2.43 ஆண்களுக்கு. பையன்கள் ஆடிவிட்டு நெட்டை இறக்காமலே போய்விடுவார்கள். அதை இறக்க டீக்கடை ஸ்டூலைக் கடன் வாங்கும் வேலை ரொம்ப நாள் இவளுடையது. பிறகு ஸ்டூல் தேவைப்படவில்லை. 14 வயதில் 178 செ.மீ.

அந்த உயரம்தான் எங்களுக்கு எமனாக வந்தது. எந்த ஊருக்கு ஆடப் போனாலும் எதிர் டீம் பக்கம் ஒரு முணுமுணுப்பு இருக்கும். “இந்தப் பொண்ணு 16க்குள்ளயா? யாரு கிட்ட கதை விடுறீங்க?” காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்தவள் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர்கள் சந்தேகப்படுவதையும் குற்றம் சொல்ல முடியாது. வயதைக் குறைத்துக் காட்டுவது நம் நாட்டு விளையாட்டில் பழைய வியாதி. மாவட்டப் போட்டியில் இவளே அப்படிப்பட்ட ‘14 வயது அக்காக்களிடம்’ அடி வாங்கி அழுதுகொண்டு வந்திருக்கிறாள்.

முகாமுக்கு என்னென்ன வேண்டும் என்று கோச் சார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று எல்லாம் இருந்தது. முதல் வரியில், பிறந்த ஓராண்டுக்குள் பதிவான பிறப்புச் சான்றிதழ். இது மட்டும் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்று பீரோவைத் திறந்தேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவள், ஒரு வாரத்துக்குள் பதிவாகியிருந்தது. தேதி சரி. அப்பா பெயர் சரி. என் பெயர் சரி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைத்திருக்கவில்லை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ராயபுரம் அங்காளபரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, அம்மன் பெயர்தான் என்றார் மாமியார். கல்லூரிக் காலத்திலிருந்தே மனசில் வைத்திருந்த பெயர் ஒன்று எனக்கு இருந்தது. அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார். எல்.கே.ஜி. சேர்க்கும் நாளில் பாரத்தை நான் நிரப்பியதால் நான் ஜெயித்தேன். மாமியார் நாலு நாள் என்னோடு பேசவில்லை. பள்ளியில், ஆதாரில் எல்லாம் அந்தப் பெயரே ஏறியது. பிறப்புப் பதிவேட்டுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சென்னை மாநகராட்சி இணையதளத்தில் பிறப்புச் சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிதாக இறக்கினால் பெயர் வந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. கியூஆர் கோடெல்லாம் போட்டு அழகாக வந்தது, அதே கோட்டோடு. முகாம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “மேடம், இந்தத் தேதியில உங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கு, சரி. அது இந்தப் பொண்ணுதான்னு நாங்க எப்படி நம்புறது?” வாயில் பதில் இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு தங்கையோ அக்காவோ இருக்கிற நாட்டில் பெயரில்லாத சான்றிதழ் யாருக்கும் பொருந்தும்.

விசாரித்ததில் பயம் இன்னும் கூடியது. பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரைதான் விதி இடம் கொடுக்கிறது. எங்கள் பெண்ணுக்கு 15 முடிய பதினோரு வாரம் இருந்தது. வாலிபால் மட்டும் இல்லையென்றால் அந்தத் தேதி சத்தம் போடாமல் தாண்டிப் போயிருக்கும்.

பிறப்பு எந்தப் பகுதியில் பதிவானதோ அங்கேதான் போக வேண்டும், குடியிருக்கும் பகுதிக்கு அல்ல. இது தெரியாமல் ஒரு நாள் வீணாயிற்று. சரியான இடத்துக்குப் போன முதல் நாள் கையெழுத்துப் போடுகிறவர் லீவு. இரண்டாம் முறை, பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்திட்ட விண்ணப்பமும் பள்ளியிலிருந்து பெயர், பிறந்த தேதி போட்ட சான்றும் வேண்டும் என்றார்கள். சான்று வாங்கினேன். அதில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. “ரெண்டுல எதைப் போடட்டும்மா?” என்றார் அந்த அலுவலர். நம் ஊரில் இன்ஷியல் என்பது பெயரா, பெயரின் நிழலா என்று இதுவரை யோசித்ததே இல்லை. பெயர் மட்டும் போடுங்கள், அப்பா பெயர்தான் தனி வரியில் இருக்கிறதே என்றேன். பணம் கட்டிய பிறகு இருபது நிமிஷத்தில் முடிந்தது. பதினான்கே முக்கால் வருஷம் தள்ளிப்போட்ட வேலை! வெளியே வந்து ஒரு கரும்புச் சாறு குடித்தேன்.

அடுத்தது பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் இன்ஷியலுக்கு இடமில்லை, விரித்து எழுத வேண்டும். இ-சேவைத் தம்பி “குடும்பப் பெயரை காலியா விட்டுடலாம்க்கா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றான். நல்லவேளை, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். பதறிப்போனான். 2022 நவம்பரிலிருந்து அமீரகத்தில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது, டீம் எந்த வழியாகப் போகுமோ தெரியாது, எதையும் காலியாக விடாதே என்றான். ஏற்கெனவே ஒரு காலிக் கட்டத்தால் பட்டவள் நான். குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். (அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதக்கூடாது என்றில்லை, மாமியார் இதைப் படித்துக் காட்டச் சொல்வார்.)

தட்கலில் போட்டோம். 18 வயதுக்குக் கீழே என்பதால் 1,000 ரூபாய், தட்கலுக்கு மேலே 2,000. பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்சர் டி உறுதிமொழியும் வைக்க வேண்டும். அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கட்டம்: ஏ-யில் தாள்களை ஸ்கேன் செய்து போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள், பி-யில் சரிபார்ப்பார்கள், சி-யில் முடிவு. ஏ-யில் அந்தப் பெண் கேமராவை மேலே மேலே திருப்பி, கடைசியில் இவளைக் கொஞ்சம் குனிந்து உட்காரச் சொன்னாள். கேந்திராவே சிரித்தது. ஒரு விஷயம், இவ்வளவு பாடுபட்டு வாங்கும் இந்தப் பாஸ்போர்ட் இவளுக்கு 18 முடிகிற அன்றே காலாவதி. 15 வயது ஆகாத பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருஷம் அல்லது 18 வயது, எது முந்துகிறதோ அது. வயசுப் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்புகிறவர்கள் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் விசாரணையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர் கீழ்வீட்டுப் பூக்கார அக்காவிடம் விசாரித்தாராம். “நெட்டைப் பொண்ணுதான? பந்து அடிச்சு எங்க ஓட்டை உடைச்சவ. நல்ல பொண்ணு சார்” என்றிருக்கிறார்.

முகாமில் நடந்த எலும்புப் பரிசோதனைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இடது கையை மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுத்து, வளர்ச்சி முனைகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். டி.டபிள்யூ.3 என்பது முறையின் பெயர். முன்கை எலும்புகள் இரண்டு, உள்ளங்கை, விரல் எலும்புகள் பதினொன்று, ஆக 13 எலும்புக்கு மதிப்பெண். ராத்திரி உட்கார்ந்து படித்தேன், படித்திருக்கவே கூடாது. பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவீடு 15லேயே நிறைவுக்கு வந்துவிடுகிறது, பையன்களுக்கு 16.5. சீக்கிரம் வயசுக்கு வந்த பிள்ளைக்கு எலும்பும் முந்திக்கொள்ளும். இவளோ பதினோரு வயதிலேயே பெரியவளானவள். சான்றிதழ் உண்மை சொல்லி, எலும்பு வேறு சொன்னால்?

எலும்பு எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதே அறையில் தங்கிய இன்னொரு பெண்ணை, பின்வரிசையில் பந்தை எடுத்துக் கொடுக்கும் லிபரோவாக ஆடுகிறவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பொய் சொன்னாளா, உடம்பு முந்திக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. “மூணு நாள் அழுதுட்டே இருந்தாம்மா, அவ லிபரோ ஜெர்சி கட்டில்லயே கிடக்குது” என்று இவள் போனில் சொன்னாள். பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாவட்டப் போட்டியில் பார்த்தது அப்படி. ஆனால் 14 வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லும்போது பக்கத்தில் பெற்றவர் யாராவது இருக்க வேண்டாமா?

முகாமில் எல்லாமே புதுசு. மரத் தரை, மஞ்சளும் நீலமுமாக மிகாசா பந்து. மண்ணில் ஆடிய கால் அங்கே கீச்சுக் கீச்சென்று கத்துகிறதாம். 2025 ஜூலையில் தாய்லாந்தில் நம் 16 வயதுக்குட்பட்ட பையன்கள் ஜப்பானை வென்று ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய வீடியோவைத் தினமும் போட்டுக் காட்டினார்களாம். கடைசிப் பன்னிரண்டு பேரில் இவள் பெயர் பன்னிரண்டாவது.

போட்டியை இணையத்தில் நேரலையாகப் பார்த்தோம். நம் நேரத்துக்கு மதியம். அவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு செட் பெஞ்சில். மூன்றாவது செட்டில் நாங்கள் 19-22 பின்தங்கியிருந்தபோது சர்வீஸ் போட இவளை இறக்கினார்கள். கேமரா பின்னாலிருந்து காட்டியது. ஜெர்சி முதுகில், எண்ணுக்கு மேலே, கொட்டை ஆங்கில எழுத்தில் அவர் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

அவர் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுவிட்டார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “என்னடி எழுதியிருக்கு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “நீ வெச்ச பேரும் இல்ல, நான் வெச்ச பேரும் இல்ல. எம் புள்ள பேரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். விசில் அடித்தால் சர்வீஸுக்கு 8 விநாடிதான். திரும்பி வந்தபோது ஸ்கோர் 20-22.

ராத்திரி போன் வந்தது. அந்த செட்டையும் மேட்சையும் தோற்றிருந்தார்கள். அவள் குரலில் அது தெரியவே இல்லை.

“ஏஸ் போட்டேனே, யாராலயும் எடுக்க முடியல, பார்த்தியாம்மா?”

“பார்த்தேனே” என்றேன்.