பைக்குள் ஒரு கதகதப்பு

தொட்டபெட்டா, 2,637 மீட்டர். வண்டியை விட்டு இறங்கியதும் குளிர்காற்று பிடித்துக்கொண்டது.

கூட வந்த தம்பி கையடக்கப் பொட்டலம் ஒன்றை எடுத்து உதறினான். ஜாக்கெட்! அதன் பாக்கெட்டுக்குள்ளேயே அதைச் சுருட்டி வைத்திருந்தான்.

உதறியதும் மெல்ல உப்பியது பாருங்கள், அவ்வளவு அழகு. குளிரைத் தடுப்பது துணியல்ல, உள்ளே சிக்கிய காற்று.

இமயமலையின் வறண்ட குளிருக்கு வாத்து இறகு அடைத்தது அருமை. எடை குறைவு, சூடு அதிகம்.

ஆனால் நம் நீலகிரிச் சாரலுக்கு அது சரிவராது. நனைந்தால் இறகு ஒட்டிப்போகும், சூடும் போய்விடும். இங்கே சிந்தெடிக் பஞ்சுதான் என் தேர்வு.

வாங்கும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுப் பாருங்கள். மேலே மழைக்கோட்டும் ஏற வேண்டும்.

நடக்கும்போது கழற்றிவிடுங்கள், வியர்வையில் ஈரமாகிவிடும். நின்றதும் போடுங்கள்.

அப்புறம், வீட்டில் சுருட்டியே வைக்காதீர்கள். பஞ்சு அமுங்கிப்போகும்; ஹேங்கரில் தொங்கட்டும்.