நவம்பர் மாதத்து வரிசை

வங்கியில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் என்னை மிகவும் அலுக்கச் செய்த மாதம் நவம்பர். பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. கதவு திறக்கும் முன்பே வாசலில் வரிசை நிற்கும். ஊன்றுகோல், மஞ்சள் பை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திய பென்ஷன் புத்தகம். அவர்களில் பலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன வருஷம் கொடுத்தது பதிவாகியிருக்கிறதா, சார்?" பதிவாகாமலா மாதாமாதம் பணம் வந்தது என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. நானும் அதே ரகம்தான்.

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவன் நான். ஆண்டுதோறும் கன்வென்ஷன் என்ற கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டம் நடக்கும். கடைசி நாள் இரவு பிரசங்கியார், "இன்றிரவு மரித்தால் எங்கே போவாய்?" என்று கேட்டுவிட்டு, இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்களைக் கையை உயர்த்தச் சொல்வார். பதிமூன்று வயதில் உயர்த்தினேன். மறு ஆண்டும் உயர்த்தினேன், அதற்கு மறு ஆண்டும். முந்தைய ஆண்டு உயர்த்தியது மேலே பதிவாகியிருக்குமா என்ற பயம்தான். ஒருமுறை பக்கத்தில் இருந்த அத்தை என் கையைப் பிடித்து இறக்கி, "போதும்டா, ஆண்டவருக்கு மறதி கிடையாது" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. வங்கியில் சேர்ந்த பிறகுதான் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று புரிந்தது. வருடம் தவறாமல் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அலுவலகத்தில் விசுவாசியான நண்பர் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில், "தம்பி, நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதி எது?" என்பார். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளைத்தான் அப்படிக் கேட்பார். தன்னுடைய தேதியை வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். எனக்குத் தேதி இல்லை; இருந்தால் ஏழெட்டு இருந்தது. ஆனால் பென்ஷன் கோப்புகளைப் புரட்டப் புரட்ட அந்தக் கேள்வியின் உறுத்தல் குறைந்தது. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள்! பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதிகள் அவை. உண்மையில் என்றைக்குப் பிறந்தீர்கள் என்று கேட்டால், "பெரிய வெள்ளம் வந்த வருஷம், அறுப்புக்கு முந்தி" என்பார்கள். தேதி பொய், எதிரில் நிற்கிற ஆள் மெய்.

தேதி வைத்திருந்தவர்களுக்கும் நடுக்கம் விட்டபாடில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு நாள் மட்டுமல்ல, மணிக்கணக்கே உண்டு: 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் உள்ளம் அனல்கொண்டதாக எழுதினார். அதே மனிதர் 1739 ஜனவரியில், தான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். மெய்யான விசுவாசிகூடத் தான் இரட்சிக்கப்பட்டதன் நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேரிடலாம் என்று, 1646இல் முடிக்கப்பட்ட சீர்திருத்தச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஒப்புக்கொள்கிறது. இரட்சிப்பு வேறு, இரட்சிப்பின் நிச்சயம் வேறு என்பதை எங்கள் ஊர்ப் பிரசங்கியார்களில் ஒருவராவது இத்தனை நிதானமாகச் சொல்லியிருந்தால் என் இளமையில் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு உயிர்வாழ்வுச் சான்று வந்தது. கைரேகை வைத்தால் போதும், காகிதம் வேண்டாம் என்றார்கள். ரயில்வேயில் கேங்மேனாக இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். தண்டவாளத்திலும் சம்மட்டியிலும் தேய்ந்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. பெரியவர் தன் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், குற்றம் அவற்றின்மேல் இருப்பதுபோல. பிறகு பழைய படிவத்தை எடுத்தோம். அதிலுள்ள வாசகம் எளிமையானது: இன்னாரை நான் பார்த்தேன், இந்தத் தேதியில் அவர் உயிரோடு இருக்கிறார். அதன் கீழே அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

எத்தனையோ முறை கைபட்ட படிவம்தான், அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். தன் உயிருக்குத் தானே சான்று சொல்லி அந்தப் பெரியவருக்கு விடியவில்லை. பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. "நாம் தேவனுடைய பிள்ளைகளாயிருக்கிறோமென்று ஆவியானவர்தாமே நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சிகொடுக்கிறார்" என்ற ரோமர் எட்டாம் அதிகார வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அதில் என் ஆவியின் குரல் மட்டும்தான் இத்தனை நாளும் என் காதில் விழுந்திருக்கிறது, அதுவும் தேய்ந்த ரேகைபோல.

இதையெல்லாம் சாக்காக வைத்துக்கொண்டு படுத்துறங்கவும் முடியாது. ஒரு குடும்பத்தில் தந்தை இறந்த பிறகும் மகன் பல மாதம் ஏடிஎம் அட்டையில் பென்ஷனை எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் கணினியைப் பொறுத்தவரை அந்த மனிதர் உயிரோடுதான் இருந்தார். "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தை ஊர்ச் சபைக்கு எழுதப்பட்டது அந்த வாரம் முழுக்க மனத்தில் ஓடியது. தேதி கேட்ட நண்பர், நடக்க முடியாத கிழவியை மூன்று முறை நாளை வா என்று அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால் மரணத்தைவிட்டு ஜீவனுக்குட்பட்டிருக்கிறோம் என்று அறிந்திருக்கிறோம் என்கிறார் யோவான். நண்பரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோதே, வரிசையைப் பார்த்து எரிந்துவிழுந்த என் நவம்பர்கள் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, படுக்கையில் கிடந்த ஓர் அம்மாவின் சான்றுக்காக வீட்டுக்கே போனேன். ராணுவத்தில் இருந்தவரின் மனைவி. முன்பெல்லாம் வங்கிக்கு வந்தால் ஞானப்பாட்டு முணுமுணுத்தபடியே காத்திருப்பார். இப்போது மகளையே அடையாளம் தெரியவில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது மகள் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், நீங்களும் சபைக்குப் போகிறவர்தானே. அம்மாவுக்கு இயேசு என்ற பேர்கூட மறந்துவிட்டது. இனி அம்மாவின் இரட்சிப்பு என்னாகும்?"

பிரசங்கியாராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த அம்மாவின் பெருவிரலை மைத்திண்டில் ஒற்றிப் படிவத்தில் பதித்தேன். ரேகை அழிந்து வெறும் நீலத் திட்டாக விழுந்தது. மகள் பதறி, "இது செல்லுமா, சார்?" என்றார்.

"நான்தான் பார்த்துவிட்டேனே அம்மா" என்று சொல்லி, கீழே கையெழுத்திட்டுத் தேதி போட்டேன்.