சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பல்: மட்டக்களப்பிலிருந்து போக நினைப்பவர்களுக்கு

கப்பல் பயணம் முடிந்து வந்ததிலிருந்து கல்லடியில் என்னைக் காண்பவர்கள் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்தது விலை. விசாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் நித்திரையைக் கெடுத்தது அதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா குடும்பம் ரொறன்ரோவில். அம்மாவுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. அம்மாவுக்கு எழுபது வயது ஆகும்போது எல்லோரும் ஒரு இடத்தில் கூடவேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்பதில்லை, 30 நாள் வரை நிற்கலாம். அங்கே கூடி, அங்கிருந்து கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பச் சிங்கப்பூரில் இறங்குவது என்று முடிவானது. அம்மா மட்டும், "ஏன் புள்ள, கடலைப் பார்க்கக் காசு குடுத்துப் போகவேணுமா? நம்மட கல்லடிக் கடல் காணாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

கொழும்பில் ஒரு முகவரின் விளம்பரத்தில் "விசா தேவையில்லை" என்று பெரிதாகப் போட்டிருந்தது. சிங்கப்பூருக்கு அது சரி. ஆனால் பினாங்கு மலேசியா. மலேசியாவுக்குள் போக இலங்கையருக்கு விசா வேண்டும். முகவரிடம் கேட்டேன். "நீங்கள் இறங்காமல் கப்பலிலேயே இருங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். அதையே மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்றேன். வரவே இல்லை. அவர் எழுத மறுத்ததே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினேன். பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய விசா பயணியின் பொறுப்பு, இல்லாவிட்டால் கரையில் இறங்காதவரைக்கூட ஏற்றாமல் விடலாம் என்று பதில் வந்தது. இது ஏறக்குறைய எல்லாக் கப்பல் நிறுவனங்களின் விதிமுறைகளிலும் சின்ன எழுத்தில் இருக்கும் விஷயம். அப்படி ஏற்றாமல் விட்டால் கட்டிய காசும் திரும்ப வராது.

அக்கா முன்பதிவு செய்ய இருந்த தளத்தில் இந்தப் பேச்சே இல்லை. கனடாக் கடவுச்சீட்டுக்கு மலேசியா விசா கேட்பதில்லை, அதனால் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் நமக்காகப் பதியும்போது இந்த ஒன்றை நாம்தான் பார்க்கவேண்டும். கப்பல் போகும் துறைமுகங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாட்டின் பெயரை எழுதுங்கள். அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று அன்றைய தேதியில் பாருங்கள். ஒரே கப்பல் மலேசியாவுக்குப் போய், தாய்லாந்து தொட்டு, மறுபடி மலேசியத் துறைமுகம் ஒன்றுக்கு வந்தால் ஒருமுறை நுழையும் விசா போதாமல் போகலாம். இதெல்லாம் தெளிந்த பிறகுதான் முற்பணம். நாங்கள் மலேசிய மின்விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்தோம், கப்பல் முன்பதிவுப் பத்திரத்தையும் பயணப் பாதையையும் இணைத்தோம், கிடைத்தது. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கவேண்டும். புதுப்பிக்கவேண்டியவர்கள் அதை எல்லாவற்றுக்கும் முதல் வேலையாக வையுங்கள். 2024இல் பத்தரமுல்லையில் எவ்வளவு பெரிய வரிசை நின்றது என்று நமக்குத் தெரியும்.

ஐரோப்பாப் பக்கம் மத்தியதரைக் கடல் கப்பல் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் கடினமாக. அங்கே பல நாடுகளுக்கும் பொதுவாக இருப்பது ஷெங்கன் விசா, துருக்கி அதற்குள் இல்லை. கப்பல் கிரேக்கத்தில் நின்று, துருக்கி போய், மறுபடி கிரேக்கம் வந்தால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. கப்பல் முற்பணத்தையோ பலவேளை அதற்கு முன்பே கேட்பார்கள்.

விசாவோடு ஒட்டிய இன்னொன்று வருகை அட்டை. சிங்கப்பூர் அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பி வரும்போது இன்னொன்று. இரண்டாவதைப் பலர் நினைப்பதில்லை. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் மின் வருகை அட்டை கேட்கிறது. மலேசியாவுக்கும் தனியாக ஒன்று உண்டு. கப்பல் பயணிகளுக்கு எதை நிறுவனமே பார்த்துக்கொள்ளும், எதை நாம் நிரப்பவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இந்த அட்டைகள் எல்லாம் இலவசம். காசு கேட்கும் தளம் எது வந்தாலும் மூடிவிடுங்கள்.

பெயர். நம் ஆட்களுக்கு இது பெரிய தலையிடி. அம்மாவின் கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. அடையாள அட்டையில் அது வெறும் முதலெழுத்து. அக்கா வீட்டில் கூப்பிடும் பெயரோடு அப்பாவின் பெயரைச் சேர்த்துப் பதிந்திருந்தார். கப்பல், விமானம், விசா மூன்றிலும் கடவுச்சீட்டின் எழுத்து அப்படியே இருக்கவேண்டும். திருத்தலாம், ஆனால் நேரத்தோடு. நாங்கள் கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அதைப் பார்த்தே தட்டச்சு செய்யச் சொன்னோம்.

இனிக் காசு. விளம்பரத்தில் இருக்கும் விலை ஒரு ஆளுக்கு, அதுவும் இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால் மட்டும். அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும். பெரிய கப்பல்களில் ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டொலர் தானாகவே கணக்கில் ஏறும். இணையம், குளிர்பானம், மது, சிறப்பு உணவகங்கள் தனி. சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற உண்மையான உயர்தரக் கப்பல்களில் சில நூறு பேர்தான் இருப்பார்கள், பானமும் அன்பளிப்பும் கட்டணத்துக்குள்ளேயே வரும், ஆனால் அந்தக் கட்டணம் எங்கள் கைக்கு எட்டாதது. சிங்கப்பூரிலிருந்து குடும்பங்கள் வழக்கமாகப் போவது ஆயிரக்கணக்கானோர் ஏறும் பெரிய கப்பல்களில். இரண்டையும் முகவர்கள் "சொகுசு" என்றே விற்கிறார்கள். ஆகவே முழுத் தொகை, எல்லாம் சேர்த்து, எத்தனை டொலர் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. மாமியும் எங்களோடு வர ஆசைப்பட்டா. மாமா இல்லை, பிள்ளைகளும் இல்லை. அம்மாவோடு நான் ஒரு அறை, அக்கா குடும்பம் ஒரு அறை, மாமி தனி. தனியாள் அறை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணம். எங்கள் அறையில் மூன்றாவதாகச் சேர்க்கலாமா என்று கேட்டோம், மூவர் தங்கும் பால்கனி அறைகள் முடிந்துவிட்டன என்றார்கள். தனியாக வாழும் பெண்ணிடம் தனியாக வாழ்வதற்கே காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமி வரவில்லை. மூன்று பேர், நாலு பேர் அறை வேண்டுமானால் விற்பனை தொடங்கியதுமே பதியவேண்டும், மூன்றாம் நாலாம் ஆளுக்குக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

மீதிக் காசை வழக்கமாகப் புறப்படுவதற்கு 90 நாள் முன்பே கட்டவேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனதைப் பார்த்த நமக்கு, இன்றைய விலையில் கணக்குப் போட்டு நாளை கட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் கூட்டியே வையுங்கள். கப்பலுக்குள் காசு புழங்காது, அறை அட்டையில் ஏறும், அதற்கு ஒரு கிரெடிட் கார்டைப் பதிவார்கள். செலவழிக்க முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்ட் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப நாட்கள் எடுக்கும்.

அறையைப் பொறுத்தவரை வயதானவர்களோடு போனால் பால்கனிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. அம்மா அதில் உட்கார்ந்துதான் பாதிப் பயணத்தைக் கழித்தா. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்குப் பக்கமாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு, முழங்காலுக்கும் நல்லது. விலை குறைவு என்று அறை எண்ணைக் கப்பலே பிறகு தீர்மானிக்கும் வகையை எடுத்தால் இதைக் கேட்க முடியாது.

மாதத்தைத் தெரிவதில் நம் ஊர்க் கணக்கு அங்கே தலைகீழ். நமக்கு வாடைக்காலத்தில்தான் கடல் கொந்தளிக்கும். புக்கெட் பக்கத்து அந்தமான் கடல் அந்த மாதங்களில் அமைதி. மே முதல் ஒக்டோபர் வரைதான் அங்கே அலை. நாங்கள் டிசம்பரை எடுத்தோம். கடல் நன்றாக இருந்தது, சிக்கல் இங்கேதான். மழைக்காலத்தில் பொலன்னறுவை வீதியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்புப் பயணம் நின்றுவிடும். ஆகவே இரண்டு நாள் முன்பே வான் பிடித்து நீர்கொழும்பில் தங்கினோம். சிங்கப்பூருக்கும் கப்பல் நாளுக்கு முதல் நாளே போய்விடவேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

பெட்டி கட்டும்போது அம்மாவோடு பெரிய வாக்குவாதம். வெற்றிலையோடு போடும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே கூடாது, மெல்லும் புகையிலை அங்கே தடை. அம்மா நம்பவில்லை. அக்கா தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எடுத்து வைத்தா. வீட்டில் சமைத்த சாப்பாடு, மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி, நீட்டு வயர் எதையும் கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள். மாசிச் சம்பல் நீர்கொழும்போடு முடிந்தது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வரப் பின்னேரமாகும், சிலவேளை இரவாகும். பிரஷர் மாத்திரை, சீனி மாத்திரை, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவி கேட்டால் ஏற்றி இறக்க மட்டும்தான் தருவார்கள், உள்ளே உலாவ வேண்டுமானால் சொந்தமாகக் கொண்டுபோகவேண்டும். ஏறியதும் ஆபத்து நேர ஒத்திகை உண்டு. 2012இல் இத்தாலியில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்தபோது புதிதாக ஏறியவர்கள் பலர் அந்த ஒத்திகை செய்திருக்கவில்லை. அதன் பிறகு புறப்பட முன்பே அல்லது புறப்பட்ட உடனேயே செய்யவேண்டும் என்று சட்டமானது. அலட்சியமாக விடாதீர்கள். அம்மாவை நாங்கள் ஒன்றுகூடும் இடம் வரை நடத்திக் காட்டினோம்.

அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி. முதல் நாள் இரவே மேசைப் பொறுப்பாளரிடம் சொன்னோம். மறுநாளிலிருந்து சோறும் பருப்பும் தனியாக வந்தது, உறைப்பு கேட்டால் கூடப் போட்டுத் தந்தார்கள். சமையல் வட இந்தியப் பக்கம்தான், புளியும் தேங்காய்ப்பாலும் தேடக்கூடாது. காத்தான்குடியிலிருந்து ஒரு தோழி ஹலால் பற்றிக் கேட்டா. சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் சிலவற்றில் அதற்கென்றே தனிச் சமையல் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை, பதியும்போதே கேட்கவேண்டும்.

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில், நகரத்தின் வாசலிலேயே கட்டுகிறது. அங்கிருந்து லிட்டில் இந்தியா நடை தூரம். குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மா அங்கே தமிழில் விலை பேசிப் பூ வாங்கி, ஐயரோடு கதைத்து, வாசலில் நின்ற ஒரு பாட்டியோடு ஊர்க்கதை பேசி, திரும்பவே மனமில்லாமல் வந்தா. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா அங்கே எங்களுக்குத் தேவைப்படவில்லை.

புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் பல படோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறிய படகில்தான் ஆட்களைக் கரை சேர்க்கின்றன. ஆடும் படகில் காலெடுத்து வைக்க அம்மாவால் முடியாது, நான் அம்மாவோடு கப்பலில் நின்றுவிட்டேன். முழங்கால் நோவுள்ளவர்கள் பதியுமுன்பே எந்தத் துறையில் கட்டும், எதில் படகு என்று கேளுங்கள். இறங்கிய அக்காவுக்கு இன்னொரு சிக்கல். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கைபேசி கரையில் தானாக நேரத்தை மாற்றிவிடும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று அறையில் வரும் தாளில் பார்த்து, அத்தான் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்திருந்தார். கடைசிப் படகைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போகவேண்டியதுதான். நடுக்கடலில் கைபேசியை விமான நிலையில் வையுங்கள். கப்பலின் அலைவரிசையில் தானாக இணைந்தால் வரும் பில் பயங்கரம்.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுப்பையும் செருப்பையும் மருந்தையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். கணக்குத் தாளை அன்றிரவே வரிவரியாகப் பாருங்கள். எங்களுடையதில் நாங்கள் குடிக்காத பானம் ஒன்று ஏறியிருந்தது, வரவேற்பு மேசையில் சொன்னதும் நீக்கினார்கள். விடிந்த பிறகு அந்த மேசையில் நிற்கவே இடமிருக்காது. இறங்கிக் குடிவரவு தாண்டப் பகலாகிவிடும், ஆகவே கொழும்பு விமானத்தைப் பின்னேரத்துக்குப் பிறகு எடுங்கள். நாங்கள் இரவு விமானத்தைப் பிடித்தோம்.