அணியை யார் சாப்பாடு போட்டு வளர்ப்பது?

வியாசர்பாடியில் எங்கள் ஏரியா ஃபுட்பால் டீமுக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் ஜெர்ஸி எடுத்துத் தந்தார். நல்ல மனிதர்தான். அடுத்த டோர்னமெண்டிலேயே தன் பையனை ஃபார்வேர்டில் இறக்கச் சொன்னார். கோச் அண்ணன் மறுத்துவிட்டார். பணம் நின்றது. அன்றிலிருந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டுத்தான் பந்து வாங்குகிறோம். கிழிந்த ஸ்டட் ஷூவைத் தைத்துத் தைத்து, நூல் மட்டுமே மிச்சமிருக்கும் ஷூவோடு ஓடுகிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரிய கிளப்புகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பரி எஃப்சி என்ற ஃபுட்பால் கிளப் 1885இல் தொடங்கியது, அந்நாட்டின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. செலவுக்குப் பணம் இருப்பதைப் புதிய முதலாளியால் நிரூபிக்க முடியவில்லை. 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து ஸ்டேடியத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அதே நாளில்!

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

நம்ம சென்னையின் எஃப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) இரண்டு முறை சாம்பியன். லீக்கின் ஒப்பந்தக் குழப்பத்தால் 2025 ஆகஸ்டில் கிளப்பின் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தார்கள். அன்று மாலை கிரவுண்டில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, அப்போ ட்ரையல்ஸ் வைக்கமாட்டாங்களா?"

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். புதுப் பந்து வாங்கணும். முடிந்தவர்கள் கோச் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.