எம்டனுக்குப் பாய்மரம் கிடையாது

முரட்டு ஆசாமியை ‘எம்டன்’ என்கிறோமே, அந்தப் பேச்சு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைமேல் வீசிய குண்டுகளிலிருந்து வந்தது. அதே கப்பல்தான் அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இதை ரஷ்ய ஓவியர் ஐவஸோவ்ஸ்கியின் ‘செஸ்மே’ (1848) என்ற கடற்போர் ஓவியத்தின் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப் பார்ப்பவர்கள் சறுக்குவது வெளிச்சத்தில்தான். செஸ்மேயில் எரிந்தவை 1770ஆம் ஆண்டின் பாய்மரக் கப்பல்கள். தீயின் ஒளியை வாங்கிக்கொள்ளப் பாய் இருந்தது. இங்கே இருப்பது இரும்பு. பாயின் வேலையைப் புகைதான் செய்யவேண்டும்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. ஆனால் அன்று பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய நான்காவதாக ஒரு போலியை நிறுத்தியிருந்தார்கள். அதனால் நான்காகவே போடுங்கள். கிழக்கே, எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கம் செக்கச்செவேலென்று சூரியனை எழுப்பிவிடாதீர்கள். வானம் சிவந்தால் வெடிப்பு செத்துவிடும். நீரிணையில் மலைபோல் அலையும் வேண்டாம்.

60×90 செ.மீ. கேன்வாஸ் போதும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முதல் பூச்சு. அதிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் காயவைக்கும். வெடிப்பின் நடுவே உள்ளங்கையளவு வெள்ளைத் தளத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் ஓரத்தில் மஞ்சள், அடுத்து ஆரஞ்சு. பிறகு புகையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். ஈரக் கறுப்பின்மேல் வெள்ளையை ஏற்றினால் கிடைப்பது தீ அல்ல, சாம்பல் சேறு.

புகைக்கு ஐவரி பிளாக் என்ற கறுப்பை எடுக்காதீர்கள். காய நாளாகும், அதன்மேல் சீக்கிரம் காயும் நிறம் ஏறினால் வெடித்துப்போகும். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் அதைவிட உயிருள்ள கறுப்பு வரும். தீயை ஒட்டிய விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தை ஈரம் காயுமுன் உலர்ந்த விசிறித் தூரிகையால் வருடிக் கரைத்துவிடுங்கள். இரண்டு விளிம்பும் கூர்மையாக நின்றால் புகை பஞ்சுமூட்டையாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் கடைசிப் பூச்சுகளுக்கே, அதுவும் சில சொட்டு. அடியில் எண்ணெய் கூடினாலும் விரிசல்தான்.

நம் ஊர் ஈரத்தில் கேன்வாஸ் தொய்யும். பின்சட்டத்தின் மூலை ஆப்புகளை லேசாகத் தட்டினால் இறுகும். வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுங்கள். மழைநாளில் பூசினால் பால்போல் வெண்படலம் படியும், அந்தக் கறுப்புப் புகைமேல்தான் அது முதலில் தெரியும். ஏர்கான் அறையில், வெயில் நாளில் பூசுங்கள். மாட்டும்போது சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரோடு இடைவெளி விட்டால் பின்பக்கம் பூஞ்சை அவ்வளவாகப் பிடிக்காது.