ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு போலி: மூன்று ஞாயிறு

ஜீப்பில் செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்து ஒரு மாதம். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண், அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஆனால் பங்க்கில் கொட்டுகிற காசைப் பார்த்தால் வண்டி குடித்துத் தீர்க்கிறது. பெங்களூரு சிவாஜிநகர் மெக்கானிக் அண்ணன், "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். அவர் சொன்னது ஆக்சிஜன் சென்சாரை: புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு (ஈசியூ) சொல்வது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் விலை கேட்கப் போனால், கடைக்காரர் சிமுலேட்டர், அதாவது சென்சார் போலவே சிக்னல் கொடுக்கும் பெட்டி, ஒன்றை எடுத்து நீட்டினார். "ஆஃப்-ரோடு வண்டிக்குன்னே வர்றது சார், மாட்டினா லைட்டே வராது."

வாங்கவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, அதை ஈசியூவிடம் மறைக்கப் பின் சென்சாரில் மாட்டுகிற சாமான் அது. என் ஜீப் மாதத்தில் ஒரு ஞாயிறு சேற்றில் இறங்கும், மற்ற நாளெல்லாம் ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் நிற்கும். அதை ஆஃப்-ரோடு வண்டி என்றால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் ஒரு யோசனை ஒட்டிக்கொண்டது. முன் சென்சார் இடத்தில் போலி சிக்னல் கொடுத்து ஈசியூ என்ன செய்கிறது என்று பார்த்தால், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுமே?

ஜிர்கோனியா என்ற பீங்கானால் ஆன இந்த சென்சார் கொடுப்பது துக்கடா வோல்டேஜ். பெட்ரோல் கூடினால் 0.9 பக்கம், காற்று கூடினால் 0.1 பக்கம். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தில், 0.45-ஐத் தாண்டிச் சட்டென்று புரளும். ஓடும் இன்ஜினில் அது ஓயாமல் மேலும் கீழும் ஆட வேண்டும்.

அந்த ஆட்டத்தைச் செய்ய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் 555 என்ற டைமர் ஐசி வாங்கினேன். 10கே, 68கே ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்: நொடிக்கு ஒரு துடிப்பு. வெளியே வரும் வோல்டேஜைக் குறைக்க 47கே, 10கே ரெசிஸ்டர்கள். கணக்குப் போட்டது 5 வோல்ட்டுக்கு, கொடுத்ததோ 12 வோல்ட் பேட்டரி. மீட்டரில் 1.8! நல்லவேளை, வண்டியில் சொருகும் முன் அளந்தேன். 12-ஐ 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டர் சேர்த்து, 47கே இடத்தில் 33கே போட்டதும் 0.8-க்கு இறங்கியது.

அடுத்த ஞாயிறு சென்சார் கனெக்டரைக் கழற்றினேன், உடனே சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் பழுது என்ற கோளாறு எண்ணும் சேர்ந்து வந்தது. என் சென்சாரில் நாலு வயர்: வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் கிரவுண்ட். ஆகவே ஹீட்டரை அப்படியே விட்டு, கறுப்பை மட்டும் பிரித்து 555-ஐக் கொடுத்தேன். ஃப்யூல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம், கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். என் பெட்டி இன்ஜின் சொல்வதைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஆடுகிறது. அதிலிருந்து என்ன தெரியும்? இரண்டு ஞாயிறு போச்சு.

மூன்றாவது ஞாயிறு ஒரு பென்சில் செல், 5.6கே ரெசிஸ்டர், 10கே பொட்டென்ஷியோமீட்டர் (திருகி வோல்டேஜை மாற்றும் ரெசிஸ்டர்). திருகினால் 0-இலிருந்து ஏறத்தாழ 0.95 வோல்ட் வரை. மைனஸைச் சாம்பல் வயரில் சேர்த்தேன். இன்ஜின் சூடான பிறகு 0.8-இல் நிறுத்தினால் டிரிம் மடமடவென்று மைனஸுக்குப் போனது, ஈசியூ பெட்ரோலைக் குறைக்கிறது. 0.1-க்கு இறக்கினால் பிளஸ். ஆக ஈசியூவும் வயரும் சரி.

அப்புறம் சென்சாரைக் கழற்றி வைஸில் பிடித்து, நுனியை கேஸ் டார்ச்சில் காட்டினேன். சிவக்கச் சிவக்க மீட்டர் 0.8-ஐத் தொட்டது, தீயை விலக்கியதும் பொத்தென்று 0.1. சென்சாரும் சரி! "அப்ப எதுதான் சார் போச்சு?" என்று அண்ணனும் குனிந்தார். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டும் புகை பைப்பும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். நுரை பொங்கியது, பக்கத்திலேயே கரிக்கோடு. இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் ஓட்டை. அதன் வழியே உள்ளே போன வெளிக்காற்றைச் சென்சார் உண்மையாகவே காட்டியிருக்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது.

கேஸ்கெட் மாற்றியதும் லாங் டெர்ம் டிரிம், அதாவது ஈசியூ நீண்ட நாளாகக் கற்றுவைத்த டிரிம், 22 சதவீதத்திலிருந்து 4-க்கு வந்தது. பென்சில் செல் டப்பாவை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். 555 பெட்டி என் மேஜையில்தான் இருக்கிறது, ஒரு எல்இடி மாட்டி மினுக்க விட்டிருக்கிறேன்.