ஆறு பாட்டிலும் ஒரு மாடிப்படியும்

முட்டி இன்னும் வலிக்கிறது. காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"லுவார் பக்கமெல்லாம் சமதரை, சைக்கிள் தானா போகும்" என்று சொன்னது எங்கள் வீட்டுக்காரர்தான் என்று உங்களுக்கே தெரியும். சமதரைதான். எதிர்க்காற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் புளுவா ஊரில் சைக்கிள் எடுத்தோம். ஷாம்போர் அரண்மனையைப் பார்ப்பதாகத் திட்டம். ஷெவர்னி வரை குடும்பம் ஒற்றுமையாகத்தான் இருந்தது. அங்கே ஒரு திராட்சைத் தோட்டக்காரர் ருசி பார்க்கக் கூப்பிட்டார். "ரொமொரான்தான்" என்ற பெயரில் ஒரு வெள்ளைத் திராட்சை. முதலாம் பிரான்சுவா ராஜா அந்தச் சீமைக்குக் கொண்டுவந்தது என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒயின் ஆகாது. ஒரு வாய் குடித்தால் மூன்று நாள் நெஞ்செரிச்சல். ஆனால் ஜவுளிக்கடையில் கலர் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வரத் தெரியாத பரம்பரை. ஆறு பாட்டில்! எட்டு கிலோ. அத்தனையும் என் சைக்கிளில். அவர் பையில் புளியோதரை டப்பாவும் குடையும் இருந்ததாம், இடமில்லையாம்.

ஷாம்போர் மதில் தெரிந்ததும் "வந்தாச்சு" என்றார். அந்த மதிலின் சுற்றளவே 32 கிலோமீட்டர். உள்ளே முழுக்கக் காடு. மான் வந்தது, காட்டுப்பன்றி ஜாக்கிரதை என்று பலகை வந்தது, அரண்மனை மட்டும் வரவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

டாக்ஸியில் முன்னாலேயே வந்திறங்கிய அத்தை நிழலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே 282 கணப்பு அடுப்புகள். பிள்ளைகள் எண்ணப் போய்விட்டார்கள். இவ்வளவையும் கட்டிய அதே பிரான்சுவா ராஜா, 32 வருட ஆட்சியில் இங்கே தங்கியது சுமார் 72 நாள்தானாம். "ஊரப்பாக்கம் ஃப்ளாட்டுல நாம அவ்வளவுகூட இருந்ததில்லையே" என்றார் அத்தை.

நடுவில் அந்தப் பெயர்பெற்ற மாடிப்படி. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இரண்டு படிக்கட்டுகள். ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் இறங்குபவரும் சந்திக்கவே மாட்டார்கள். லியனார்டோ டா வின்சியின் யோசனையாக இருக்கலாம் என்கிறார்கள். பாவம், கட்டத் தொடங்கிய 1519இலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதருக்கு இது எப்படித் தோன்றியதோ.

எங்கள் வீட்டுக்காரர் ஒன்றில் ஏறினார். நான் வீம்புக்கு மற்றதில். நடுத்தூணில் ஜன்னல்கள் உண்டு. ஒரு சுற்றில் எதிரே தெரிந்தார், தன் முட்டியைத் தொட்டுக் காட்டி "வலிக்குதா?" என்று சைகை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த சுற்றில் ஆளைக் காணோம். மேலே போய்த் தேடினேன், இல்லை. சரி, அவர் ஏறிய படியில் இறங்கிப் பார்ப்போம் என்று இறங்கினால், அவர் என்னைத் தேடி என் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார். இப்படியே இரண்டு தடவை.

கீழே அத்தை புளியோதரையைத் திறந்துவிட்டிருந்தார். "ஒருத்தர் ஒரு இடத்துல நின்னா போதாதா?" என்றார்.

திரும்பும்போது என் சைக்கிள் லேசாகப் போனது. திரும்பிப் பார்த்தேன். ஆறு பாட்டிலும் காலி டப்பாவும் கிணிங் கிணிங் என்று அவரோடு வந்துகொண்டிருந்தன. என் பையில் குடை மட்டும்.